ஆணி கழன்றால் யார் குற்றம்?

புது தில்லி: 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 150-ஆவது பிரிவு கடுமையானது. பயணிகளின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்துடன் தண்டவாளத்தையோ, அதைத் தாங்கும் ஸ்லீப்பரையோ, ரயில்வேக்குச் சொந்தமான வேறு பொருளையோ பெயர்த்தெடுப்பவருக்கும் தளர்த்துபவருக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்க அது வழி செய்கிறது. யாரும் தளர்த்தாமல் தானாகவே தளர்ந்துவிட்டால்? அதற்கு 175-ஆவது பிரிவு இருக்கிறது. பணியில் இருக்கும் ரயில்வே ஊழியர் விதியை மீறியோ கவனக்குறைவாகவோ நடந்து பாதுகாப்புக்குக் கேடு விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை. ஊழியர் என்ற சொல்லில் மேலதிகாரியும் அடக்கம்தான். ஆயினும், தண்டவாளத்தின் பிடிப்பு தளர்ந்த இடத்தில் முதலில் தேடப்படுபவர், சுத்தியலும் சாவியுமாகப் பாதை நெடுக நடக்கும் கீமேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ரயில்வே மானியக் கோரிக்கை மீதான விவாதத்தை நாடாளுமன்றத்தில் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். தொகுதிக்கு ஒரு புதிய ரயில், விரைவு வண்டிக்கு ஒரு நிறுத்தம், ஒரு மேம்பாலம் என்று கோரிக்கைகள் நள்ளிரவு வரை நீளும். தண்டவாளத்தைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது எது என்ற கேள்வி பெரும்பாலும் விபத்துக்கு மறுநாள்தான் எழுகிறது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகப் பொறியாளர்களின் உறக்கத்தைக் கெடுத்துவரும் கேள்வி அது.

தண்டவாளத்தின் அடிப்பாகத்தை மரக்கட்டையோடு சேர்த்துப் பிடிக்க ஓர் ஆணி போதும் என்று முதலில் கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ராபர்ட் லிவிங்ஸ்டன் ஸ்டீவன்ஸ். நியூஜெர்சி மாநிலத்தின் காம்டன் - ஆம்பாய் ரயில் நிறுவனத்தின் தலைவரான அவர், தண்டவாளம் வாங்குவதற்காக 1830-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடிப்பாகம் தட்டையான தண்டவாளத்தின் வடிவத்தைப் பயணத்தின்போதே மரத்துண்டில் செதுக்கிப் பார்த்தார் என்று ரயில்வே வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அந்தத் தட்டையான விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கித் தலை ஆணியும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பிடுங்குவதற்கு வசதியாகத் தலையின் இருபுறமும் காதுபோல் நீட்டிக்கொண்டிருந்த வகைக்கு "டாக் ஸ்பைக்" என்று பெயர் வந்தது. இந்திய ரயில்வே கையேடுகளிலும் அதே பெயர்தான்.

பார்ப்பதற்கு முரட்டு இரும்புத் துண்டு. அமெரிக்காவில் இன்றும் வழக்கிலுள்ள அளவு சுமார் ஆறு அங்குல நீளம், முக்கால் அங்குலத்துக்கும் குறைவான சதுரத் தண்டு. ஆனால் அதன் முனையில்தான் நுட்பம் இருக்கிறது. ஊசிபோல் கூராக இல்லாமல் உளிபோல் பட்டையாக அது அமைக்கப்பட்டுள்ளது. மரத்தின் நார் ஸ்லீப்பரின் நீளவாக்கில் ஓடுகிறது. உளிமுனை அந்த நாருக்குக் குறுக்கே இறங்க வேண்டும். அப்போது நார்கள் அறுபட்டுக் கீழ்நோக்கி மடிந்து, ஆணியின் பக்கங்களை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி மேலெழ முயலும்போது மடிந்த நார்கள் அதற்கு எதிராக முட்டுக்கொடுக்கும். முனை நாரின் போக்கிலேயே இறங்கினால் ஆப்பு வைத்ததுபோல் கட்டை பிளந்துபோகும். தண்டவாளத்தின் இருபுறமும் ஆணிகளை ஒரே நேர்கோட்டில் அறையாமல் சற்று முன்பின்னாக அறைவதும், அறைவதற்கு முன்னரே துரப்பணத்தால் துளையிடுவதும் இந்தப் பிளவைத் தவிர்க்கத்தான். சாய்ந்து இறங்கிய ஆணியைப் பக்கவாட்டில் தட்டி நிமிர்த்தக் கூடாது. தட்டினால் துளை அகன்றுவிடும். அதன்பின் அந்த ஆணி அழகுக்கு நிற்கும், தண்டவாளத்தைப் பிடிக்காது.

இத்தனை கவனத்தோடு அறைந்தும் ஆணி ஏன் கழல்கிறது? குற்றவாளி ரயிலேதான். சக்கரம் தண்டவாளத்தைக் கீழே அழுத்தும்போது, அதற்குச் சற்று முன்னும் பின்னும் தண்டவாளம் மயிரிழை அளவு மேலெழுகிறது. துணியின் மீது உருளை போனால் முன்னால் மடிப்பு எழுவது போன்ற ஓர் அலை அது. அந்த அலை ஆணியின் தலையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒருமுறை மேலே இழுக்கிறது. வளைவுகளில் சக்கரத்தின் பக்கவாட்டு உந்துதலும் சேர்ந்துகொள்ள, ஆணியின் கழுத்தைச் சுற்றியுள்ள மரம் நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் மழைநீர் தேங்குகிறது, மரம் உளுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. ஊழியர் பழைய துளையில் மர ஆப்பு அடைத்து மீண்டும் அறைகிறார். சிலமுறை இப்படிச் செய்தபின், வேறெந்தக் குறையும் இல்லாத கட்டை துளைகளாலேயே பயனற்றுப் போகிறது. அதை "ஆணியால் செத்த கட்டை" என்பது அமெரிக்க ரயில் தொழிலாளர் வழக்கு.

ஆணியைத் திருத்தப் பலரும் முயன்றனர். தண்டில் முள்போன்ற பற்களை அமைத்தால் கெட்டியாகப் பிடிக்கும் என்று தோன்றும். பற்கள் நாரைக் கிழித்துவிடுவதால் பலன் எதிர்மாறாகவே அமைந்தது. மரையிட்ட திருகாணி வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகப் பொறியியல் சோதனை நிலையம் 1906-ல் ரயில் ஆணிகளின் பிடிப்பு வலிமையைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. சாதாரண ஆணியைக் காட்டிலும் திருகாணியைப் பிடுங்குவது மிகக் கடினம் என்பது இத்தகைய சோதனைகளில் உறுதியாயிற்று. ஐரோப்பா திருகாணிக்கு மாறியது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வேகத்தில் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால் மரத்துக்குள் வெட்டப்பட்ட மரை நொறுங்கிவிடும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் இடையே இரும்புத் தகடு வைத்து, பக்கவாட்டு விசையை ஓர் ஆணியின் மீது விழவிடாமல் எல்லா ஆணிகளுக்கும் பகிர்ந்தளித்ததுதான் ஓரளவு நிலையான தீர்வாக அமைந்தது.

இந்தியாவில் ஆணிக்கு முன்பே கட்டை பெரும் பிரச்சினையாயிற்று. 1853 ஏப்ரல் 16-ல் மும்பையின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய பிறகு பாதைகள் வேகமாக நீண்டன. தேக்கு, சால், தேவதாரு ஆகிய மூன்றைத் தவிர மற்ற மரங்கள் இந்நாட்டின் மழைக்கும் கரையானுக்கும் நெடுநாள் தாங்கவில்லை. இமயமலைத் தேவதாருக்கள் வெட்டப்பட்டு ஆறுகளில் மிதந்து வந்தன. காடுகள் இப்படியே அழிந்தால் ரயிலுக்கே கட்டை கிடைக்காது என்ற அச்சம் 1864-ல் வனத்துறை அமைவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன் முதல் தலைமை அதிகாரியாக ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் நியமிக்கப்பட்டார். இன்று நாம் காட்டைப் பற்றிப் பேசும் சட்டங்களின் வேர் ஸ்லீப்பர் கட்டையில் இருப்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

மரத்தைக் காக்க வார்ப்பிரும்புத் தகடுகளும் எஃகுத் தொட்டி ஸ்லீப்பர்களும் வந்தன. பின்னர் கான்கிரீட் வந்தது. ஆனாலும் தண்டவாளக் கிளைகள் பிரியும் இடங்களிலும் இரும்புப் பாலங்களிலும் மரம் நெடுங்காலம் நீடித்தது. 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த புகழ்பெற்ற வனத் தீர்ப்பாணையில் ரயில்வேக்கும் ஓர் உத்தரவு இருந்தது. எவ்வளவு மரம் பயன்படுத்துகிறீர்கள், எங்கிருந்து வாங்குகிறீர்கள், மாற்றுப் பொருளுக்கு என்ன செய்தீர்கள் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுமாறு அது பணித்தது. அந்த வழக்கைத் தொடுத்த கோதவர்மன் திருமுல்பாடின் முறையீடு, நமது நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பற்றியது. கூடலூரில் புறப்பட்ட வழக்கு தில்லி ரயில் பவனின் கதவையும் தட்டியது.

கான்கிரீட்டில் ஆணி அறைய முடியாது. ஆகவே பிடிப்பின் தத்துவமே மாறியது. நார்வே நாட்டு ரயில்வே பொறியாளர் பெர் பாண்டே ரோல்ப்சன், 1950-களில் வளைந்த எஃகு ஸ்பிரிங் ஒன்றை வடிவமைத்தார். அவர் பெயரிலிருந்து பிறந்ததே "பாண்ட்ரோல்". ஆணி விறைப்பாக நின்று தண்டவாளத்தோடு மல்லுக்கட்டியது. ஸ்பிரிங் கிளிப் தண்டவாளம் எழும்போது தானும் எழுந்து, தாழும்போது தானும் தாழ்ந்து, எந்நேரமும் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. இந்திய ரயில்வேயில் பரவலாக உள்ள மூன்றாம் வகைக் கிளிப்பின் அழுத்தம் 850 முதல் 1,100 கிலோ வரை இருக்க வேண்டும். முக்கியப் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கிளிப்புகள். தில்லியிலிருந்து சென்னைக்கு உள்ள சுமார் 2,180 கி.மீ. தொலைவுக்கு, ஒரு வழிப் பாதையில் மட்டும் இந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம் கிளிப்புகள்.

கிளிப்பை மாட்டவும் எடுக்கவும் ஒரு சுத்தியல் போதும். அதன் சிறப்பும் அதுவே, ஆபத்தும் அதுவே. 2010 மே 28-ல் மேற்கு வங்கத்தின் மேற்கு மிதுனபுரி மாவட்டத்தில் ஞானேஸ்வரி எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலில் மோதி ஏறத்தாழ 150 பேர் இறந்தனர். கிளிப்புகள் கழற்றப்பட்டிருந்தன என்றது சி.பி.ஐ. பாண்ட்ரோல் என்ற சொல் அப்போது செய்தித்தாள்களில் அடிபட்டது.

சதி இல்லாத இடங்களைப் பற்றிப் பேசும்போதுதான் தில்லியில் சங்கடம் தொடங்குகிறது. அணு விஞ்ஞானி அனில் ககோத்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு 2012 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, பாதுகாப்புக்காக ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவிடப் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே அன்றைய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி, பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கட்டணத்தை உயர்த்தினார். உயர்வு அறிவித்த நான்கைந்து நாள்களில், சொந்தக் கட்சியின் கோபத்தால் பதவியை இழந்தார். அடுத்து வந்த முகுல் ராய் உயர்வின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். அதே ஒரு லட்சம் கோடி, 2017-18 பட்ஜெட்டில் "ராஷ்ட்ரீய ரயில் சன்ரக்ஷா கோஷ்" என்ற நிதியாக மீண்டும் தலைகாட்டியது.

அந்த நிதி எங்கே போயிற்று என்பதை 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்கிறது. 2017-18 முதல் 2020-21 வரை நடந்த 217 பெரும் விபத்துகளில் 163 தடம்புரண்டவை. ஆராயப்பட்ட விசாரணை அறிக்கைகளில் 422 தடம்புரளல்களுக்குப் பொறியியல் துறையே பொறுப்பு. அவற்றுள் 171-க்குக் காரணம் பாதைப் பராமரிப்பு. பாதையை அளந்து பதிவு செய்யும் வண்டிகளின் ஆய்வில் 30 முதல் 100 விழுக்காடு வரை பற்றாக்குறை. பாதைப் புதுப்பிப்புக்கான ஒதுக்கீடு 2018-19-ல் இருந்ததைவிட 2019-20-ல் குறைந்தது. பாதுகாப்பு நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் கருவிகளும் பீங்கான் பாத்திரங்களும் வாங்கப்பட்டதாகவும் அந்த அறிக்கை கூறுகிறது. தலைப்புச் செய்தியானது கடைசி வாக்கியம்தான். முந்தைய எண்களே கவலைக்குரியவை.

2024 ஜூலை 18-ல் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா அருகே சண்டீகர் - திப்ரூகர் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டது. ரயில்வே அதிகாரிகளின் முதற்கட்டக் கூட்டு ஆய்வுக் குறிப்பு, தண்டவாளப் பிணைப்பு சரிவரச் செயல்படாததைக் காரணமாகச் சுட்டியது. குழுவில் ஒருவர் மாறுபட்டு எழுதினார். சதியா என்ற பேச்சு ஓய்ந்தபின் மிஞ்சியது, ஸ்டீவன்ஸின் காலத்துப் பழைய கேள்வி.

மரக்கட்டையை விட்டுவிட்டதால் நாம் தப்பித்தோம் என்றும் சொல்வதற்கில்லை, அதைத் தக்கவைத்தவர்கள் வென்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் இன்றும் மிகப் பெரும்பாலான பாதைகள் மரக்கட்டையின் மீதே கிடக்கின்றன. அங்கே கடும் வளைவுகளில் மரக்கட்டையோடு ஸ்பிரிங் கிளிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிளிப் தண்டவாளத்தைத் தகட்டோடு இறுகப் பிடித்தது. அலையின் இழுவை முழுவதும் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளின் மீது போய் விழுந்தது. மரத்தின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆணிகள் உடைந்தன. தலை மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் ரயில்கள் தடம்புரண்டதை அடுத்து, அந்நாட்டுக் கூட்டரசு ரயில்வே நிர்வாகமும் பல்கலைக்கழகங்களும் இதை ஆராய்ந்து வருகின்றன.

நம் கிளிப்பின் நோயும் இப்படி மறைந்திருப்பதே. துருவேறிய கிளிப் தன் துளையில் இறுகிப் பிடித்து நிற்கும், அழுத்தம் மட்டும் குறைந்துபோயிருக்கும். பாதையை அளக்கும் வண்டி தண்டவாளத்தின் இடைவெளியையும் மட்டத்தையும் காட்டும். ஒவ்வொரு கிளிப்பின் அழுத்தத்தையும் காட்டாது. அதைக் கைக்கருவியால் ஆங்காங்கே மாதிரி எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். ஒரு தண்டவாளத்தின் ஓரமாகப் போய் மறு தண்டவாளத்தின் ஓரமாகத் திரும்பி, தன் எல்லை முழுவதையும் நாள்தோறும் நடந்து பார்க்கும் கீமேனின் கண்ணும் காதுமே எஞ்சிய கருவிகள்.

கிளிப்புகளைக் கழற்றி, துடைத்து, மசகிட்டு மீண்டும் மாட்ட வேண்டும் என்பது விதி. துருப்பிடிக்கும் பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் ஈராண்டுக்கு ஒருமுறை. அதற்கு ரயில்கள் வராத சில மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு புதிய ரயில் அறிவிக்கப்படும்போதும் அந்த நேரம் சுருங்குகிறது. கால அட்டவணையில் அதை யார் விட்டுக்கொடுப்பது என்று போக்குவரத்துப் பிரிவுக்கும் பொறியியல் பிரிவுக்கும் இடையே கோட்டத்துக்குக் கோட்டம் இழுபறி நடக்கிறது.