உரிமையாளரின் குடும்பச் செலவும் தொழிலின் முதலும்

பஞ்சாப் மாநிலத்தின் லூதியானா நகரம் கம்பளிப் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. பெரிய ஆலைகளுடன், சில பின்னல் இயந்திரங்களை மட்டுமே கொண்ட சிறு கூடங்களும் அங்கு இயங்குகின்றன. நூல் வாங்கி ஆடை பின்னும் வேலையில் பெரும்பகுதி கோடையிலேயே நடந்துவிடுகிறது; விற்பனையோ குளிர்காலத்தில். செலவு பல மாதங்களில் பரவி நிற்க, வரவு சில மாதங்களில் குவிகிறது. இத்தகைய தொழிலில் உரிமையாளர் எவ்வளவு செலவிடுகிறார் என்பதைவிட, எந்தப் பணத்திலிருந்து செலவிடுகிறார் என்பதே முதன்மையான கேள்வியாகும்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் விற்பனையுள்ள ஒரு கூடத்தைக் கொள்வோம். எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 12 ரூபாய் மிஞ்சினால் ஆண்டு இலாபம் 3,60,000 ரூபாய். நவம்பரில் 8 இலட்சம் ரூபாய் கைக்கு வரும்போது அதில் உரிமையாளருக்குரியது 96,000 ரூபாயே. எஞ்சியது நூல் வியாபாரிக்கும் தொழிலாளருக்கும் அடுத்த கொள்முதலுக்கும் உரியது. அந்த 96,000 ரூபாயும் ஒரு மாத வருமானமன்று. வரவில்லாத கோடை மாதங்களுக்கும் அதிலிருந்தே உணவு வரவேண்டும்.

ஆகவே மாதம் 25,000 ரூபாய் எனத் தமக்கே ஒரு சம்பளத்தை வரையறுத்துக்கொண்டு, அதனை எடுப்புக் கணக்கில் பதிவுசெய்து வாழ்பவர், ஆண்டிறுதியில் 60,000 ரூபாயைத் தொழிலில் விட்டுவைக்கிறார். கல்லாப்பெட்டி நிறைந்திருப்பதைக் கண்டு, வீட்டு விசேஷத்திற்கென ஓர் இலட்சம் ரூபாயைக் கூடுதலாக எடுப்பவரோ, கோடையில் நூல் வாங்கக் கடன்படுகிறார். வட்டிக் கடைக்காரரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி மட்டும் 36,000 ரூபாய். விசேஷம் ஒரு நாளில் முடிந்துவிடும், வட்டி முடிவதில்லை.

தனியாள் வணிகத்தில் உரிமையாளரையும் தொழிலையும் சட்டம் வேறுபடுத்துவதில்லை. தொழிற்கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். சட்டம் போடாத கோட்டை அவரே கணக்கேட்டில் போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. தனி வங்கிக் கணக்கு இதற்கு எளிய வழி. வங்கி அலுவலருக்கும் விற்பனை வரவு தெளிவாகத் தெரிவதால், நடைமுறை மூலதனக் கடன் பெறுவதும் எளிதாகிறது.

சிக்கனம் என்ற பெயரில் தொழிலாளர் கூலியையோ, இயந்திரப் பராமரிப்பையோ, தீக்காப்பீட்டையோ குறைப்பது வேறு வகை. கம்பளி நூல் நிறைந்த கூடத்தில் காப்பீட்டுத் தவணையை மிச்சம் பிடிப்பதைச் சேமிப்பு என்று கூற இயலாது.

குடும்பம் எவ்வளவு ஒடுங்கி வாழ்ந்தாலும், சரக்கு வாங்கியவர் பணம் தராவிடில் முதல் முடங்கிவிடும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்குபவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைத்தல் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி செலுத்த வேண்டும். எனினும், அடுத்த பருவத்திற்கும் அதே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் சிறு உரிமையாளர் முறையீடு செய்யத் தயங்குவது இயல்பே. அந்நிலையில் அவர் முதலில் குறைப்பது தம் வீட்டுச் செலவைத்தான்.