லேசுப்பட்டது இல்லை

விருதுநகரை மழைக்குப் பெயர்போன மாவட்டம் என்று யாரும் சொல்வதில்லை. வறட்சி என்ற சொல்லைத் தொடாமலே வறட்சியைச் சொல்லிவிடுகிறது இந்த வாக்கியம். ஒன்றை மறுத்து, அதற்கு எதிரானதை உணர்த்தும் அணி இது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அந்த மாவட்டத்துச் சிவகாசி வாகாக அமைந்ததற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். ‘பட்டாசு வேலை லேசுப்பட்டது இல்லை’ என்றால் மிகக் கடினம் என்று பொருள். ‘ஆபத்து இல்லாமல் இல்லை’ என்றால் ஆபத்து உண்டு. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் இந்த இரு தொடர்களும் ஒரே எடை அல்ல. முன்னது அழுத்துகிறது, பின்னது அடக்கி வாசிக்கிறது.

இப்படிப் பேசுவது உண்மையை மழுப்புவதாகாதா? நேர்ப்பேச்சில் ஆகாது, நிலைமை தெரிந்தவர் குரலிலேயே அளவைப் புரிந்துகொள்வார். எழுத்துக்கு அந்தக் குரல் கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைச் ‘சிறிய விபத்து அல்ல’ என்று எழுதுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. பசுமைப் பட்டாசைப் பற்றியும் நேராகவே எழுத வேண்டும்: அது மாசு குறைந்தது, மாசற்றது அல்ல. மருந்துக் கலவை அறையின் சுவரில் ‘ஆபத்து’ என்றே எழுதுங்கள்.