மருத்துவச்சி: சொல்லும் தொழிலும்

இடையன் என்பதற்கு இடைச்சி, குறவன் என்பதற்குக் குறத்தி எனப் பெண்பாற் பெயர் அமைதல் தமிழ் மரபு. மருத்துவன், மருத்துவச்சி என்னும் இணையோ இம்மரபினின்று சிறிது விலகி நிற்கின்றது. மருத்துவன் எந்நோயையும் தீர்ப்பவன். மருத்துவச்சி பிள்ளைப்பேறு பார்ப்பவள் மட்டுமே. ஓரடியிற் பிறந்த இரு சொற்களுள் ஒன்று விரிந்தும் மற்றொன்று சுருங்கியும் நிற்றற்குக் காரணம் இலக்கணத்தில் இல்லை. ஊர் வாழ்க்கையில் உளது.

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதிகளிலும் அவற்றை அடுத்த கான்சாபுரம் போன்ற சிற்றூர்களிலும் மகப்பேற்றினைப் 'பேறுகாலம்' என வழங்குவர். தமிழகச் சிற்றூர்களில் அக்காலத்துத் துணைநின்றோர் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்டிரே. அக்குலத்தார்க்கு மருத்துவர் என்ற பெயர் வழங்குதலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அவர்தம் பணி பேற்றுப்பொழுதோடு முடிவதன்று. பனிக்குடம் உடைதலை அறிதல், நச்சுக்கொடி முழுதும் வெளிப்பட்டதா என நோக்குதல், தாய்க்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் கூட்டிய மருந்து தருதல், குழவியை நீராட்டுதல் யாவும் அதனுள் அடங்கும். ஆண் மருத்துவனிடம் உரைக்க நாணும் நோய்களைப் பெண்டிர் இவளிடமே உரைத்தனர். ஆயினும் கொடியறுத்த கை 'தீட்டு' உடைய கையாயிற்று. உயிர்காத்தவளைத் திண்ணையில் அமரவும் விடாத வீடுகள் இருந்தன. திருச்சிராப்பள்ளி இறைவன் பேறு பார்க்க வந்த கதையிலும் அவன் தாயாகவே வருகின்றான். பெற்ற பெயரும் தாயுமானவன் என்பதே. செய்த தொழிலோ மருத்துவச்சியின் தொழில்!

இவள்பாற் குறையே இல்லை என்பது நம் கருத்தன்று. தூய்மையற்ற கருவியால் கொடியறுத்தமையின் இசிவுநோயுற்று மாய்ந்த குழவிகள் பல. மிகுகுருதிப் போக்கினையும் தடைப்பட்ட பேற்றினையும் வெல்லும் வழி அவளிடம் இல்லை. ஆனால் தூய்மையின்மை அவளுக்கே உரியதன்று. வியன்னா நகரப் பெருமருத்துவமனையில் 1846இல், மருத்துவ மாணவர் பணிபுரிந்த பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாயர் இறந்தனர். மருத்துவச்சியர் பகுதியில் இறந்தோர் மூவரினும் குறைவு. பிணமறுத்த கையோடு மாணவர் பேறு பார்த்தமையே காரணம் எனக் கண்ட செம்மல்வைசு, 1847இல் கைகழுவுதலைக் கட்டாயமாக்கினார். கற்றோர் கையும் நஞ்சேந்தியதற்கு இது சான்று.

சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை தோன்றிற்று. 1926ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெற்ற செவிலியர்க்கும் மருத்துவச்சியர்க்கும் பதிவுமுறை வகுத்தது. 2019–21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிற் பேறுகளுள் நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஊர் மருத்துவச்சியின் இடத்தில் இன்று கிராம சுகாதாரச் செவிலியர் உளர்.

செவிலி என்னும் சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அகப்பாடல்களில் வளர்ப்புத்தாயைக் குறித்த அச்சொல், இன்று நோயாளரைப் பேணும் பணியாளர்க்கெல்லாம் உரியதாய் உயர்ந்தது. மருத்துவச்சி என்பதோ அலுவலக வழக்கினின்று நழுவிற்று. இலங்கைத் தமிழர் 'மருத்துவமாது' என ஆண்டு அப்பணியின் தனித்தன்மையைப் பேணுகின்றனர்.

2018இல் இந்திய அரசு பேறுபார்க்கும் பணிக்கெனத் தனிப் பயிற்சிநெறி வகுத்தது. அதனைக் கற்று வருவோர்க்கு மருத்துவச்சி என்னும் பெயரையே சூட்டலாம். குலச்சார்பு பற்றித் தயங்குவார், மருத்துவர் என்ற சொல்லும் ஒருகால் அச்சார்பு உடையதாய் இருந்தும் இன்று அனைவர்க்கும் பொதுவாயினமையை நோக்குவாராக.