மங்கலான திரை வென்ற கதை

கேம் பாய், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த கையடக்க விளையாட்டுக் கருவி. விலை 12,500 யென். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி, பச்சை படிந்த சிறு திரை, இடப்பக்கம் சிலுவை வடிவப் பொத்தான், வலப்பக்கம் இரண்டு வட்டப் பொத்தான்கள். திரையில் நிறம் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. அதே ஆண்டில் விளக்கோடு கூடிய வண்ணத்திரைக் கருவி ஒன்று அமெரிக்காவில் வந்துவிட்டது. இருந்தும் கேம் பாயும் அதன் வாரிசான கேம் பாய் கலரும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. வேகம், நினைவகம், திரைத் துல்லியம் என எண்களை அடுக்கியே ஒரு கருவியை எடைபோடும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் இல்லை.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். 1941-இல் கியோட்டோவில் பிறந்து, தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்து, 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது மின்னணு நிறுவனமே அல்ல. 1889 முதல் ஹனாஃபுடா என்னும் பூச்சீட்டுகளை அச்சிட்டு விற்றுவந்த நிறுவனம். சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் யோகோயின் வேலை. ஓய்வு நேரத்தில் கத்தரிபோல் மடிந்து நீளும் ஒரு செயற்கைக் கையை அவர் தனக்காகச் செய்து வைத்திருந்தார். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யாமவுச்சியின் கண்ணில் அது பட்டது. அதையே விற்பனைக்கு ஏற்றதாக மாற்றச் சொன்னார். 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்பு ஊழியர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

யோகோயின் வழி அந்த ஆண்டுகளிலேயே தெளிவாகிவிட்டது. 1969-இல் வந்த லவ் டெஸ்டர் அதற்கு நல்ல சான்று. இருவர் ஆளுக்கொரு பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் ஒருவர் கையை மற்றவர் பிடிக்க வேண்டும். உடல் வழியே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை ஒரு மீட்டர் முள் காட்டும். அதுதான் காதலின் அளவு. உள்ளே இருப்பது எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும் மலிவான மீட்டர். அதை எங்கே, யாருக்காகப் பயன்படுத்தலாம் என்பதில்தான் புதுமை இருந்தது. பல ஆண்டுகள் புழங்கி, விலை இறங்கி, குறைகள் எல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் பொருத்து என்பதே அவர் கொள்கை. புதிய சில்லு வந்தவுடன் அதைத் தேடி ஓடுவது பொறியாளரின் தற்பெருமைக்கு உதவும், விளையாடுபவருக்கு உதவாது என்று அவர் கருதினார்.

1970-களின் இறுதியில் பாக்கெட் கால்குலேட்டர்களின் விலைப் போட்டி எல்சிடி திரைகளை மிகவும் மலிவாக்கியிருந்தது. ஷின்கான்சென் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததே 1980-இல் வந்த கேம் & வாட்ச். ஒரே ஒரு விளையாட்டும், மூலையில் ஒரு கடிகாரமும் கொண்ட தகட்டுக் கருவி. கால்குலேட்டரின் எண் துண்டுகள் போலவே, உருவங்கள் நிற்கக்கூடிய எல்லா நிலைகளும் அதன் திரைக்குள் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை மட்டும் சில்லு தீர்மானிக்கும். 1982-இல் வந்த டாங்கி காங் பதிப்பில்தான் சிலுவை வடிவத் திசைப் பொத்தான் முதலில் இடம்பெற்றது. கட்டைவிரல் ஒன்றே பார்க்காமல் நான்கு திசையையும் உணரும்படி அமைந்த அந்தப் பொத்தான், இன்றைய விளையாட்டுக் கட்டுப்படுத்திகள் பெரும்பாலானவற்றிலும் ஏதோவொரு வடிவில் தொடர்கிறது.

கேம் & வாட்ச் கருவிகள் நான்கு கோடிக்கு மேல் விற்றன. ஆனால் பதித்த உருவங்களை மாற்ற முடியாது. புதிய விளையாட்டு வேண்டுமென்றால் புதிய கருவியே வாங்க வேண்டும். எந்த உருவத்தையும் வரையக்கூடிய புள்ளித் திரையும், கழற்றி மாட்டும் கேட்ரிட்ஜும் அடுத்த படி. அப்படிப் பிறந்த கேம் பாயை யோகோய் எளிய பொம்மையாகவே வைத்துக்கொள்ள விரும்பினார் என்றும், பல ஆண்டுகள் நீடிக்கும் வலுவான கருவியாக ஆக்க வேண்டும் என்று வாதாடியவர் குழுவின் தலைமைப் பொறியாளர் சதோரு ஒகாடா என்றும் பிற்காலப் பேட்டிகளிலிருந்து தெரிகிறது. கேம் பாய் என்றால் யோகோய் பெயரை மட்டும் சொல்வது ஒகாடாவுக்குச் செய்யும் அநீதி.

கருவியின் உள்ளமைப்பு கட்டாயச் சிக்கனத்தின் பாடநூல். ஷார்ப் நிறுவனம் செய்த 8 பிட் செயலி, சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகம். வேலைக்கு 8 கிலோபைட் நினைவகம், படத்துக்கு இன்னொரு 8 கிலோபைட். திரையில் 160 × 144 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சாயல்கள். ஒவ்வொரு புள்ளியையும் செயலியே கணக்கிட்டு வரைந்தால் விளையாட்டு நத்தை வேகத்தில் நகரும். அதனால் திரை 8 × 8 புள்ளி கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. எந்த இடத்தில் எந்தச் சதுரம் என்ற வரைபடத்தை மட்டும் நிரல் எழுதும், வரையும் வேலையை வன்பொருள் பார்த்துக்கொள்ளும். நகரும் உருவங்களுக்குத் தனி ஏற்பாடு: மொத்தம் 40, ஒரே கிடைவரியில் 10. இந்த வரம்புக்குள் ஒரு முழு உலகத்தைக் கட்ட வேண்டியிருந்ததால், சுவருக்கும் மரத்துக்கும் மேகத்துக்கும் ஒரே சதுரங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தனிக் கலை வளர்ந்தது. திரையிலும் ஒரு குறை உண்டு. புள்ளிகள் மெதுவாகவே நிறம் மாறும் என்பதால், வேகமாக ஓடும் உருவம் வால் விட்டதுபோல் கலங்கும். இதை உணர்ந்த வடிவமைப்பாளர்கள் உருவங்களைப் பெரிதாகவும் பின்னணியை வெறுமையாகவும் வைத்தார்கள். உணராதவர்களின் விளையாட்டுகள் இன்றும் கண்ணை வலிக்கச் செய்கின்றன.

போட்டியாளர்கள் எண்களால் வெல்ல நினைத்தார்கள். 1989-இல் வந்த அட்டாரி லிங்க்ஸ், வண்ணத்திரையோடு சுமார் 180 டாலர். கேம் பாயின் அமெரிக்க விலை அதில் பாதி. 1990-இல் ஜப்பானில் வந்த சேகாவின் கேம் கியரும் வண்ணத்திரைதான். இரண்டுக்கும் ஆறு பென்சில் பேட்டரிகள் வேண்டும். அவற்றில் பெரும்பகுதியைத் திரைக்குப் பின்னிருந்த குழல்விளக்கே தின்றுவிடும். ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தால் அதிகம். கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பேட்டரி வாங்கிக் கொடுப்பது பெற்றோர். நீண்ட பயணத்தின் பாதியில் அணைந்துபோகும் கருவி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. கேம் பாயின் உறுதியும் பேர் பெற்றது. 1991 வளைகுடாப் போரில் படை முகாம் ஒன்றில் தீயில் கருகி உருகிய கேம் பாய் ஒன்று, டெட்ரிஸ் விளையாட்டு ஓடியபடி நியூயார்க்கின் நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது.

டெட்ரிஸ் இல்லாமல் இந்த வெற்றி இல்லை. சோவியத் அறிவியல் கழகத்தின் மாஸ்கோ கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் எலெக்ட்ரோனிகா 60 கணினியில் எழுதிய விளையாட்டு அது. அதன் உரிமைகளைச் சோவியத் அரசின் எலோர்க் அமைப்பு வைத்திருந்தது. மேற்கில் ஒருவர் கைமாற்றி ஒருவர் விற்று, யாருக்கு எந்த உரிமை என்பதே குழம்பிக் கிடந்தது. 1989 பிப்ரவரியில் ஹென்க் ராஜர்ஸ் என்ற விளையாட்டு வெளியீட்டாளர் அழைப்பேதும் இல்லாமல் மாஸ்கோ சென்று, எலோர்க் அலுவலகக் கதவைத் தட்டி, கையடக்கக் கருவிக்கான உரிமையைப் பெற்றார். மாரியோ விளையாட்டைச் சேர்த்துக் கொடுத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்பது நின்டெண்டோவிடம் அவர் வைத்த வாதம். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது கேம் பாயோடு டெட்ரிஸ் சேர்ந்தே வந்தது. அலுவலகம் போகும் பெரியவர்களின் பையிலும் கருவி நுழைந்தது. 1993-இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் தம் கேம் பாயையும் டெட்ரிஸையும் மிர் விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார். தமிழ்நாட்டில் 1990-களில் வளர்ந்த பலருக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது பிரிக் கேம் என்ற மலிவான போலிகள் வழியாக. அட்டையில் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் டெட்ரிஸும் அதன் வகைகளும்தான். அவற்றின் திரை, பதித்த கட்டங்களைக் கொண்ட பழைய கேம் & வாட்ச் முறையைச் சேர்ந்தது.

1990-களின் நடுவில் கேம் பாயின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். அப்போதுதான், 1996 பிப்ரவரி 27 அன்று, கற்பனை உயிர்களைப் பிடித்துச் சேர்க்கும் போகிமான் விளையாட்டு வந்தது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, தம் கேம் ஃப்ரீக் குழுவோடு ஆறாண்டுகள் போராடி உருவாக்கியது. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பி முதல் நாளிலிருந்தே உண்டு. அதை எல்லோரும் போட்டிக்குப் பயன்படுத்த, அந்தக் கம்பி வழியே ஒரு பூச்சி இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்கு ஊர்ந்து போவதைத் தஜிரி கற்பனை செய்தார். சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள். ஒன்றில் கிடைக்கும் சில உயிர்கள் மற்றொன்றில் கிடைக்கா. தனியாக உட்கார்ந்து விளையாடித் தொகுப்பை முழுமையாக்க முடியாது, இன்னொரு பிள்ளையோடு பேசியே ஆக வேண்டும். ஏழு ஆண்டு பழைய கருவியில், ஏழு ஆண்டு பழைய கம்பியில், புதிதாக எந்தச் சில்லும் இல்லாமல் ஒரு பண்பாட்டு அலை எழுந்தது. யோகோயின் கொள்கைக்கு அவர் செய்யாத விளையாட்டே மிகப் பெரிய சான்றானது.

யோகோயின் பிற்கால வாழ்வு துயரமானது. 1995-இல் அவர் தந்த வர்ச்சுவல் பாய், சிவப்பும் கறுப்பும் மட்டுமே காட்டிய முப்பரிமாணக் கருவி, எட்டு லட்சம்கூட விற்கவில்லை. 1996-இல் நின்டெண்டோவிலிருந்து விலகிக் கோட்டோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பந்தாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் கருவியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் இறந்தார். 1999-இல் வெளிவந்த அந்தக் கருவி ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடியது.

கேம் பாய் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த ஆர்வலர் உலகம் நிற்கவில்லை. கருவியின் ஒலிச் சில்லில் நான்கு தடங்கள்: இரண்டு துடிப்பலை, விருப்பம்போல் வரையக்கூடிய ஓர் அலை, ஓர் இரைச்சல். 1990-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான நானோலூப்பும், 2000-இல் ஸ்வீடனில் உருவான எல்எஸ்டிஜேவும் ஆகிய நிரல்கள் இந்தச் சில்லை இசைக்கருவியாக மாற்றின. கேம் பாயை மேடையில் வைத்துக் கச்சேரி செய்யும் சிப்டியூன் இசைக்கலைஞர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர்.

திறந்து பார்ப்பவர்களுக்குக் கேம் பாய் எளிதில் இணங்கும் கருவி. திரையில் செங்குத்துக் கோடுகள் மறைந்தால், திரையின் இணைப்பு நாடாவைச் சால்டரிங் அயர்னால் இதமாகச் சூடேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்ரிட்ஜை ஊதி மாட்டும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. ஊதுவது எச்சில் ஈரத்தைத்தான் சேர்க்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொடுமுனைகளைத் துடைப்பதே முறை. அழுக்கு இருப்பதைக் கருவியே காட்டிக்கொடுக்கும். இயக்கியவுடன் மேலிருந்து இறங்கும் நின்டெண்டோ எழுத்துகள் கேட்ரிட்ஜிலிருந்து படிக்கப்படுபவை. கருவிக்குள் இருக்கும் 256 பைட் தொடக்க நிரல் அவற்றைத் தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அனுமதியின்றிக் கேட்ரிட்ஜ் செய்பவர்கள் வணிகச் சின்னத்தையும் நகலெடுத்தே ஆக வேண்டும், அப்போது வழக்குத் தொடுக்கலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

கவலைக்குரிய பகுதி கேட்ரிட்ஜின் உள்ளே இருக்கிறது. போகிமான் போன்ற விளையாட்டுகளில் சேமித்தவற்றைக் காப்பது ஒரு சிறு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் பிள்ளைப் பருவத்தின் தொகுப்பு முழுதும் அழியும். பேட்டரியை மாற்றலாம், ஆனால் கழற்றும் முன் தரவை நகலெடுத்து வைக்க வேண்டும். விளையாட்டுகளுக்கே அதைவிடப் பெரிய அபாயம் உண்டு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது சட்டப்படி வாங்கக் கிடைக்கவில்லை. கேம் பாய் வரிசையில் கிடைத்தவை ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. நின்டெண்டோ 2023 பிப்ரவரி முதல் தன் ஸ்விட்ச் சந்தாவில் சில கேம் பாய் விளையாட்டுகளைத் தருகிறது. அது சிறு பகுதிதான், அதுவும் சந்தா இருக்கும்வரைதான். மிச்சத்தைக் காத்துவருபவர்கள், கேட்ரிட்ஜ்களை வாசித்துப் பிரதியெடுத்து, சில்லுகளின் நடத்தையைத் துடிப்புக்குத் துடிப்பு அளந்து, பழைய கருவியைக் கணினியில் பாவனை செய்யும் எமுலேட்டர் எழுதும் ஆர்வலர்கள். உரிமையாளர்கள் கைவிட்ட வேலையை அவர்கள் செய்கிறார்கள். அந்த வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாதது பெரிய குறை.

புதிய கருவிகளும் வருகின்றன. 2021 டிசம்பரில் வந்த அனலாக் பாக்கெட், பழைய சில்லின் மின்சுற்றையே, விரும்பியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் அமைத்து அசல் கேட்ரிட்ஜ்களை ஓட்டுகிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் 2019 முதல் கிடைக்கிறது. படம் வரைந்து, காட்சிகளை அடுக்கி, உரையாடலைத் தட்டச்சு செய்தால் முழு விளையாட்டு ஆயத்தமாகிவிடும். உலாவியிலும் ஓடும், கேட்ரிட்ஜில் எழுதி மாட்டினால் 1989-இல் செய்த கருவியிலும் ஓடும். அதைக் கொண்டு செய்த புதிய விளையாட்டுகள் பெட்டியும் கையேடுமாக அச்சிட்டு விற்கப்படுகின்றன.