ஊரே ஆய்வுக்கூடம்: கில்பர்ட் ஸ்லேட்டரின் கிராம ஆய்வுகள்

விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு, நாகப்பட்டினம் மாவட்டத்தின் பாலக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டத்தின் கங்கைகொண்டான், விருதுநகர் மாவட்டத்தின் வடமலாபுரம், திருவண்ணாமலை மாவட்டத்தின் தூசி ஆகிய ஐந்து ஊர்களையும் பொருளியல் ஆய்வாளர்கள் 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்று அழைக்கின்றனர். இந்திய ஊரக வளர்ச்சி ஆய்வில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு. அந்த இடத்தைப் பெற்றுத் தந்ததில் மாணவர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

கில்பர்ட் ஸ்லேட்டர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியலாளர். அந்நாட்டின் பொது நிலங்கள் வேலியிடப்பட்டு, சிறு உழவர்கள் வாழ்விழந்த வரலாற்றை ஆராய்ந்து 1907இல் நூல் வெளியிட்டவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்க வேண்டுமானால் முதலில் கிராமத்தை அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே வினாநிரல் ஒன்றை மாணவர்களிடம் தந்து, தத்தம் ஊரையோ தாம் நன்கறிந்த ஊரையோ ஆராய்ந்து வரச் செய்தார். நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன பயிர் விளைகிறது, பாசனம் எப்படி, கூலி எவ்வளவு, கடன் எங்கே வாங்குகிறார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு அவர்கள் விடை தேடினர். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின.

ஆய்வு அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு பழைய ஆவணமாக மட்டுமே இருந்திருக்கும். 1936-37இல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் வழிகாட்டலில் அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சென்றனர். இருவேல்பட்டில் 2008இலும் ஆய்வு நடந்தது. ஒரே ஊரில் ஒத்த கேள்விகளைப் பல தலைமுறைகளாகக் கேட்டதால்தான் மாற்றத்தை அளக்க முடிந்தது. ஒருகாலத்தில் தானியமாகக் கூலி பெற்று, ஒரே நிலவுடைமையாளரை நம்பி வாழ்ந்த உழைப்பாளர் குடும்பங்கள், பிற்காலத்தில் ஊருக்கு வெளியே வேறு வேலைகளுக்குச் செல்லத் தொடங்கின. அதனால் பழைய சார்புநிலை தளர்ந்தது. வளர்ச்சியை விளைச்சலைக் கொண்டு மட்டும் கணக்கிட்டிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1916இல் கல்லூரிக் கதவு மிகச் சிலருக்கே திறந்திருந்தது. கேள்வி கேட்ட மாணவர்களுக்கும் வயலில் வேலை செய்தவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. இன்று நம் அரசுப் பள்ளிகளில் உழவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்று கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கேள்வி கேட்கும் இடத்துக்கு வர முடியும். அந்த வாய்ப்பை உருவாக்கித் தருவது ஆசிரியர் கையில் இருக்கிறது.

இதை எளிய செயல்திட்டமாகவே தொடங்கலாம். தொடக்க வகுப்புக் குழந்தைகள் ஊரின் ஏரி, குளம், கிணறுகளைப் படமாக வரையலாம். முன்பு விளைந்த, இப்போது விளையாத பயிர்களின் பெயர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பட்டியலிடலாம். உயர்நிலை வகுப்பினர் பயிர்ப் பரப்பு விவரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து, கணக்குப் பாடத்தில் வட்ட விளக்கப்படமாக மாற்றலாம். நடவுக்கும் அறுவடைக்கும் அன்றும் இன்றும் தரப்படும் கூலியைப் பெரியவர்களிடம் கேட்டு ஒப்பிடலாம்.

ஓர் எச்சரிக்கை: கடன், சாதி, வீட்டு வருமானம் பற்றிய கேள்விகளை மாணவர்களிடம் தர வேண்டாம். வகுப்பில் எந்தக் குழந்தையும் தன் வீட்டு நிலையை எண்ணிக் கூச நேரக்கூடாது. வீடுகளின் பெயர் இல்லாமல், ஊருக்கான மொத்த விவரமாகத் தொகுப்பதே முறை.

தொகுத்த ஏட்டில் ஆண்டையும் கேட்ட கேள்விகளையும் தெளிவாக எழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே கேள்விகளுடன் வேறொரு வகுப்பு புறப்படும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு ஒரு தொடக்கம் இருக்கும்.