பட்டனுக்குள் அடங்காத தமிழ்

2024 டிசம்பரில் எங்கள் ஊர் சில நாள் நாடு முழுக்கப் பேசப்பட்டது. திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் காணிக்கை போட வந்த பக்தர் ஒருவரின் ஐபோன் நழுவி உள்ளே விழுந்துவிட்டது. உண்டியல் திறந்த சமயம் அவர் வந்து கேட்டார். உண்டியலில் விழுந்தது சாமி கணக்கில்தான் சேரும், வேண்டுமானால் சிம்மையும் உள்ளே இருக்கும் டேட்டாவையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். நான் மட்டும் ‘டேட்டா உனக்கு, டப்பா சாமிக்கு’ என்கிற அந்த ஏற்பாட்டையே நினைத்துக்கொண்டு டீயை ஆறவிட்டேன்.

காரணம் இருக்கிறது. இணையப் பக்கம் கட்டுகிறவர்களின் முதல் பாடமே அதுதான். பக்கத்தில் இருக்கும் விஷயம் வேறு, அதன் தோற்றம் வேறு. விஷயத்தை எச்டிஎம்எல் வைத்துக்கொள்ளும். நிறம், அளவு, இடைவெளி எல்லாம் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தார். இரண்டையும் பிரித்து வைத்தால் டப்பாவை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருப்பது கெடாது. தமிழுக்கு மட்டும் இந்தப் பிரிவினை அவ்வளவு சுலபமாக வாய்க்கவில்லை.

பக்கம் கட்டுவது எனக்குத் தொழில் இல்லை. சிறுசேரி பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்தால் ஒன்றரை மணி நேரம் நம்முடையது. சிலர் சீரியல் பார்க்கிறார்கள். நான் அடுத்தவர் கட்டிய பக்கங்களைப் பிரித்துப் பார்க்கிறேன். கன்ட்ரோலையும் யூ-வையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூல நிரல் முழுக்க எதிரே விரியும். எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் புள்ளிக் கணக்கை மனதுக்குள் வாங்கிக்கொண்டு வருகிற வித்தை இது. நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இப்படி எட்டிப் பார்த்து வந்ததுதான்.

போன ஐப்பசியில் தெரிந்த அச்சக அண்ணன் ஒருவர் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடிப்பவர். “தம்பி, நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடு. மாடல் எல்லாம் போன்லயே பாத்துக்கட்டும்.” விவரங்களைப் பென் டிரைவில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒட்டினேன். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி!

மறுநாள் காட்டினேன். “இன்னா தம்பி இது, வைரஸ் பூந்துச்சா?”

“இல்லண்ணே, பாமினி.”

அச்சகக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் ஜே என்கிற ஆங்கில எழுத்தின் இடத்தில் ‘த’ படம் உட்கார்ந்திருக்கும். கே இருந்தால் ‘ம’. பி என்றால் கொக்கி. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான். பாமினி என்ற முகமூடி போட்டால் தமிழாகத் தெரியும், கழற்றினால் குட்டு வெளிப்படும். அச்சுக்கு இது போதும். காகிதத்தில் இறங்கிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? இணையத்தில் போதாது. படிப்பவர் கணினியிலும் அதே முகமூடி இருந்தாக வேண்டும். டேட்டாவும் டப்பாவும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, கொண்டுவர ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை வருஷம் என்று துருவ ஆரம்பித்து, அடுத்த பத்து ராத்திரியும் தூக்கம் போயிற்று.

சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரில் தமிழை இணையத்தில் ஏற்றினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தந்த தளம் அது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்-99 மாநாடு கூடி, விசைப்பலகைக்கு ஒரு தரத்தையும் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களையும் அறிவித்தது. டிஸ்கி என்ற இன்னொரு குறியேற்றம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஒரு தளத்துக்குப் போனால் முதலில் எழுத்துருவை இறக்கு, பிறகு படி. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்கார்ந்தவனுக்கு அதிலேயே கால் மணி போய்விடும்.

இந்தச் சங்கடத்துக்கு மாற்றாக வந்தது இயங்கு எழுத்துரு. பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானாக இறங்கும். அதிராம்பட்டினத்து உமர் தம்பி தேனீ என்ற ஒருங்குறி எழுத்துருவை இப்படி இயங்கும் வடிவிலும் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். 2006-ல் காலமானார். இன்றைக்குத் தமிழ்ப் பக்கம் கட்டும் பையன்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்களோ!

இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்களைத் தேடிப் பார்ப்பது என் இரவு வேலைகளில் ஒன்று. பக்கம் அப்படியே இருக்கும். நிறம், மினுமினுக்கும் பட்டை, ‘நீங்கள் இத்தனையாவது வாசகர்’ என்கிற எண்ணி, எல்லாம் இருக்கும். எழுத்து மட்டும் கிறுக்கலாக நிற்கும். கூட வந்த இயங்கு எழுத்துருவின் இஓடி வடிவம் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே திறக்கும். 2022 ஜூனில் அந்த உலாவிக்கே மூடுவிழா நடத்திவிட்டார்கள். உண்டியலுக்கு நேர் எதிர் நிலைமை: டப்பா நம் கையில், டேட்டா எங்கோ.

ஒருங்குறி இதை மாற்றியது. விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துரு வந்தது. 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. இனி ‘த’ எங்கே போனாலும் ‘த’தான். எந்த எழுத்துருவை மாட்டினாலும் உள்ளே இருப்பது தமிழ்.

இதே பிரிவினையைக் கல்லிலும் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெம்மேலி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, பிள்ளைகளைப் புலிக்குகை பார்க்க சாளுவன்குப்பத்துக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் புலித்தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருக்கும் அதிரணசண்ட மண்டபத்துக்குள் நுழைந்தேன். பல்லவர் குடைவரை. ஒரு பக்கச் சுவரில் கிரந்த எழுத்தில் கல்வெட்டு. எதிர்ப்பக்கம் அதே வாசகம் நாகரி எழுத்தில். மொழி இரண்டிலும் சமஸ்கிருதம். தமிழ் இல்லை என்பது தனி வருத்தம். ஆனால் வாசகம் ஒன்றாகவும் வடிவம் இரண்டாகவும் வைக்கலாம் என்று அந்தச் சிற்பிக்குத் தோன்றியிருக்கிறது. நாகரிக்கு அவன் கிரந்தத்தின் அளவுகோலைத் திணித்திருப்பானா? மாமல்லபுரத்தில் கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே கல்வெட்டுதான் இரண்டு முறை வெட்டப்பட்டிருக்கிறது. காப்பி-பேஸ்ட் இந்தக் கரைக்குப் புதிதல்ல.

அச்சக அண்ணன் பக்கத்துக்கு வருகிறேன். எழுத்துச் சிக்கல் தீர்ந்தது, வடிவச் சிக்கல் ஆரம்பித்தது. இலவசமாகக் கிடைத்த ஓர் அழகான வார்ப்புருவை எடுத்திருந்தேன். அதில் மாதிரிக்கு நிரப்பியிருந்தது லோரம் இப்சம். கி.மு. 45-ல் சிசரோ எழுதிய லத்தீன் நூலிலிருந்து துண்டு துண்டாகப் பிய்த்துக் கலைத்த, பொருளில்லாத வாசகம். உலகத்துப் பக்கங்களில் பலவும் இதை ஊற்றி அளவெடுத்துத்தான் தைக்கப்படுகின்றன. லத்தீன் உடம்புக்கு எடுத்த அளவில் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டால் எப்படி இருக்கும்? பட்டனில் ‘சப்மிட்’ என்று ஆங்கிலத்தில் 6 எழுத்து இருந்தது. அங்கே ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டேன். நம் கணக்கில் 9 எழுத்து. ஒருங்குறிக் கணக்கில் 15. போனில் பார்த்தால் ‘சமர்ப்பிக்’ மேலே, ‘கவும்’ கீழே, பாதி பட்டனுக்கு வெளியே.

அண்ணன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “கீழ்க்கால் வெட்டுது பாரு.” ‘பூ’வுக்கும் ‘று’வுக்கும் கீழே இறங்கும் பகுதியை வரி உயரம் அறுத்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அச்சுக்கோத்த கண் பிடித்துவிட்டது. தலைப்பு ஏன் எடுப்பாக இல்லை என்று அடுத்த கேள்வி. வார்ப்புரு தலைப்புகளை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றி எடுப்பு காட்டியிருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அந்தக் கட்டளை தமிழைத் தொடாமல் போய்விட, தலைப்பு பத்திக்குள் கரைந்துவிட்டது. சாய்வெழுத்து இன்னும் மோசம். நம் எழுத்தில் அப்படி ஒரு மரபு இல்லாததால் உலாவி தானாக நெட்டித் தள்ளி, குடிகாரனைப் போல நிற்கவைக்கிறது.

முகப்பில் ஊர்ப் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாகி வரட்டும் என்று ஆசைப்பட்டேன். ‘திருப்போரூர்’ நமக்கு 6 எழுத்து. உள்ளே 12 துண்டு. முதலில் ‘த’ வந்தது, பிறகு அது ‘தி’ ஆனது. ‘திர’ என்று திக்கி ‘திரு’ ஆனது. ‘திருப’ என்று நின்று, புள்ளி வைத்துக்கொண்டு, மறுபடி ‘ப’ என்றது. பேச வராத குழந்தை ஊர்ப் பெயர் சொல்கிற மாதிரி. ஒவ்வொரு துண்டையும் தனிப் பெட்டியில் அடைத்தால் அதைவிடக் கொடுமை: கொம்பும் கொக்கியும் தனித்தனியே புள்ளிவட்டங்களைக் கட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு மருந்தை ஓர் இரவு 11 மணிக்குக் கண்டுபிடித்தேன். உலாவிக்குள்ளேயே இருக்கும் செக்மென்டர் என்ற கருவி ‘திருப்போரூர்’ என்பதை ஒழுங்காக 6 ஆகப் பிரித்துக் கொடுக்கிறது. 2024-ல்தான் பெரிய உலாவிகள் எல்லாவற்றிலும் இது வந்துசேர்ந்தது. ஆனால் ‘ஸ்ரீ’யை இன்னும் இரண்டாக உடைக்கிறது. பத்திரிகை அடிப்பவருக்கு அது இல்லாமல் நடக்குமா?

இன்னொரு கண்டுபிடிப்பு, என்னைச் சின்னப் பிள்ளையாக்கியது. பட்டியல் எண்களுக்கு சிஎஸ்எஸ்ஸில் ‘தமிழ்’ என்றே ஒரு மதிப்பு இருக்கிறது. போட்டால் 1, 2, 3 இருந்த இடத்தில் ௧, ௨, ௩. அண்ணனிடம் ஓடினேன். “பஞ்சாங்கம் மாதிரி இருக்கே!” என்று சந்தோஷப்பட்டார். கீழே தள்ளிப் பார்த்தவர் 10-ல் நின்றார். உலாவி ௧௦ என்று போட்டிருந்தது. “பத்துக்கு ௰ தானப்பா?” அவர் சொன்னதுதான் பழைய வழக்கம். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தமிழில் தனிக் குறிகள் உண்டு. பூஜ்யத்துக்கு ௦ ஒருங்குறியில் சேர்ந்ததே 2005-ல். கடைசியில் வாடிக்கையாளர் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்று ஒரே வாரத்தில் 1, 2, 3-க்கே திரும்பினோம். நியாயம்தான்.

நல்ல எழுத்துரு இல்லை என்று இப்போது யாரும் சாக்கு சொல்ல முடியாது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், எக் டைப் குழுவின் முக்தா மலர், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனார், கூகுளின் நோட்டோ என்று கொட்டிக் கிடக்கின்றன, காசும் கிடையாது. சிலவற்றில் ஒரே தடிமன்தான் இருக்கும்; அதை உலாவி வலிந்து தடிக்கவைத்தால் ‘ண’வும் ‘ஞ’வும் அடைத்துக்கொள்ளும். எடுக்கும்போது அதை மட்டும் பாருங்கள்.

என் வாதம் சின்னது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலத்தில் கட்டி முடித்துவிட்டு, கடைசி நாள் மொழிபெயர்ப்பை ஊற்றுகிறோம். வழிந்ததும் தமிழ் நீளமான மொழி என்று பழி போடுகிறோம். அண்ணனோ பட்டனைப் பார்த்துவிட்டு, “சமர்ப்பிக்க நான் என்ன சாமியா? ‘அனுப்பு’ன்னு போடு” என்றார். 4 எழுத்து. ஒரே வரியில் உட்கார்ந்தது.

நீங்களும் ஒரு பக்கம் கட்டப்போகிறீர்கள் என்றால் மாதிரிக்கு லோரம் இப்சம் வேண்டாம். இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. தலைப்பில் ‘திருக்கழுக்குன்றத்திலிருந்து’ என்று அடித்து, கையில் இருக்கும் போனிலேயே பாருங்கள். அது கால் வெட்டாமல், வரி உடையாமல் நின்றால் மற்றதெல்லாம் நிற்கும்.