பாவு சுற்றும் காகிதமும் வட்டத்தின் சுற்றளவும்

கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். திருபுவனம் பட்டுப் புடவை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பகுதிப் பள்ளிகளில் படிக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தறி என்பது தினம் பார்க்கும் பொருள். ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவை நடத்தும்போது நான் தறியில் இருந்தே தொடங்குகிறேன்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள் பாவு; குறுக்கே ஓடுவது ஊடை. மூன்று புடவைக்கான பாவு ஏறத்தாழ 18 மீட்டர் நீளம் வரும். அதை 14 செ.மீ. விட்டமுள்ள உருளையில் சுற்றுவதாகக் கொள்வோம். சுற்றளவு 22/7 × 14 = 44 செ.மீ. அப்படியானால் சுமார் 40 சுற்று.

இத்தனை சுற்றையும் வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் மேல் நூல் கீழ் நூல்களின் இடுக்கில் புதையும். ஓரத்து நூல்கள் சரிந்து விழும். அதைத் தடுக்கவே சுற்றுகளுக்கு இடையே காகிதமோ மூங்கில் குச்சியோ வைக்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

ஓர் ஓர நூல் மற்றவற்றைவிட 1 மி.மீ. உள்ளே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆரம் 1 மி.மீ. குறைவு. ஒரு சுற்றில் குறையும் நீளம் 2 × 22/7 × 1 = ஏறத்தாழ 6.3 மி.மீ. நாற்பது சுற்றிலும் அப்படியே இருந்தால் 25 செ.மீ. உருளை பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நெய்யும்போது துணி எல்லா நூலையும் ஒரே அளவில்தான் இழுக்கும். உள்ளே இறங்கிய நூல் குறைவாக வருவதால் இறுகும், அறுந்தும் போகும். மற்றவை தொய்யும். பல நாள் உழைப்பில் உருவாகும் புடவையின் கரை சுருங்கிவிடும்.

எதை வைப்பது?

நல்ல பொருளுக்கு மூன்று குணங்கள் வேண்டும். பாவின் அகலத்தைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். எங்கும் ஒரே தடிமன் வேண்டும். இழுவிசையில் நசுங்கக் கூடாது. கெட்டியான பழுப்புக் காகிதம் இவற்றுக்குப் பொருந்தும். செய்தித்தாள் எளிதில் கிழியும். அதன் மை வெளிர்நிறப் பட்டில் ஒட்டும். நெளிவு அட்டை நசுங்கும். மூங்கில் குச்சி நசுங்காது. ஆனால் நீளப் பாவுக்கு நிறையத் தேவைப்படும், உருளையும் பருத்துவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பிளாஸ்டிக் குழாயில் 10 சணல் நூல்களை அருகருகே ஒட்டுங்கள். ஒருவர் எல்லா நூலையும் ஒரே இழுவையில் பிடிக்க, மற்றவர் 10 சுற்று சுற்றட்டும். சுற்றுகளுக்கு நடுவே முதல் குழு அகலமான சார்ட் அட்டையையும், இரண்டாம் குழு இரு ஓர நூல்களையும் மூடாத குறுகிய அட்டையையும் வைக்கட்டும். நூல்கள் உருளையை விட்டு வெளிவரும் இடத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பிரித்து அளந்தால், இரண்டாம் குழுவின் ஓர நூல்கள் குறைவாகச் சுற்றியிருப்பது தெரியும்.

என் வகுப்பில் இதைச் செய்தபோது, கணக்கு நோட்டைத் திறக்கத் தயங்கும் ஒரு மாணவி எழுந்து, "ஓரம் எறங்குனா எங்கப்பா பிரிச்சு மறுபடி சுத்துவாங்க சார்" என்றாள். அன்று அந்தக் குழுவுக்கு அவள்தான் விளக்கம் சொன்னாள். வீட்டில் கை அறிந்ததற்குப் பள்ளியில் ஒரு சூத்திரம் இருக்கிறது என்று தெரிந்தால், கணக்கு அந்தப் பிள்ளைக்கு அந்நியப் பாடமாக இருக்காது. உங்கள் ஊரில் தறி இல்லையென்றால், கயிறு சுற்றும் கிணற்று ராட்டினத்திலோ டிராக்டர் சக்கரத்திலோ தொடங்கலாம்.